ஈட்னாவின் கல்லறைக்கு வேலி போட்டவர்

முதல் உதை வடமேற்கு மூலைக் கம்பத்துக்கு. அது ஆடாமல் நின்றால் லூத்தர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அடுத்த கம்பத்துக்கு நகர்வார். மொத்தம் எட்டுக் கம்பங்கள். எட்டையும் பூட்ஸ் நுனியால் உதைத்து முடித்த பிறகு, முழங்காலில் ஊன்றிக் குனிந்து, கம்பிவலை மண்ணுக்குள் இறங்கும் இடத்தை விரல்விட்டுத் தடவிக்கொண்டே ஒரு சுற்று வருவார். எங்காவது புதிதாகக் கிளறிய மண் தென்பட்டால் போதும், முகம் மலர்ந்துவிடும். எதிரி வந்து தோற்றுப் போயிருக்கிறான் என்று அர்த்தம்.

"வா. பல்லு இருக்குல்ல, கடிச்சுப் பாரு" என்பார் அந்தத் துளையிடம்.

துளை பதில் சொல்லாது. உள்ளே இருப்பது ஒரு லெம்மிங். கைப்பிடிக்குள் அடங்குகிற தவிட்டு நிற எலி. வால் இருக்கிறதா இல்லையா என்று அதற்கே சந்தேகம். மூன்று நான்கு வருஷத்துக்கு ஒரு தடவை தூந்திரா வெளி முழுக்கப் பெருகி, தெருவில் ஓடி, நாய்கள்கூடத் தின்று சலித்துப் படுத்துக்கொள்ளும் அளவுக்குப் போய், பிறகு இருந்த சுவடு தெரியாமல் மறைந்துவிடும். ஊரில் யாரும் அதைப் பெரிதாக நினைப்பதில்லை. லூத்தர் மட்டும்தான் அதற்கு அவ்வளவு மரியாதை கொடுத்தார், பகை என்ற வகையில்.

"கரடின்னா ஒரு பயம் இருக்கு. திமிங்கிலம்னா அதுக்குப் பாட்டு இருக்கு, கூத்து இருக்கு. இதுக்கு என்ன இருக்கு? கழுத்தே இல்ல. திங்கிறது, கழியிறது, பெத்துப் போடுறது. இதுக்கு ஒரு ஜென்மம்" என்பார்.

அலாஸ்காவின் வடகோடியில், கடலும் வெளியும் ஒரே நிறமாகக் கிடக்கும் அந்த ஊரில், அவருக்குப் பின்னால் எல்லாரும் சொல்லும் பெயர் கனாயுக். கரையோரத்தில் கிடைக்கும் ஒரு மீன் அது. தலையெல்லாம் முள், உடம்பைவிட வாய் பெரிது. தூண்டிலில் மாட்டினால் திட்டிக்கொண்டே கழற்றி எறிவார்கள். லூத்தருக்கு இந்தப் பெயர் தெரியும். "முள்ளு இருக்கறதுனாலதான் அதை எவனும் தின்னல" என்பதுதான் அதைப் பற்றி அவர் சொன்ன ஒரே கருத்து.

முப்பத்தொரு வருஷமாக ஊர்ச் சாலைகளைச் சமன்செய்யும் கிரேடர் வண்டியை ஓட்டுகிறவர். அந்த வண்டியின் உயரத்திலிருந்து பார்த்தால் உலகில் எவனும் எதையும் ஒழுங்காகச் செய்வதில்லை. இரண்டாவது கிரேடரை ஓட்டுகிற டக்ளஸைப் பற்றி, "அவன் ரோடு போடல, ரொட்டியில வெண்ணெய் தடவுறான்" என்பார். வானிலை அறிக்கை வாசிப்பவரைப் பற்றி, "சன்னலைத் திறந்து பாத்திருந்தா இவ்வளவு நேரம் பேசியிருக்க மாட்டான்" என்பார். உறைந்த மீனைச் சீவி, சீல் எண்ணெயில் தோய்த்து, வண்டிக்குள்ளேயே நின்று தின்பார். உட்கார்ந்து தின்றால் சோம்பேறித்தனமாம். மகா சூரர். ஆனால் தேநீரில் மூன்று கரண்டி சர்க்கரை போடாவிட்டால் கை நடுங்கும்.

இப்படிப்பட்ட ஆளோடு இருபத்தாறு வருஷம் குடித்தனம் நடத்தியவள் ஈட்னா. பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை. குள்ளமான, உருண்டையான, சிரிப்பை அடக்கத் தெரியாத பெண். லூத்தர் ஊரையும் உலகத்தையும் கிழித்துத் தோரணம் கட்டிக்கொண்டிருக்கும்போது அவள் குறுக்கே பேசமாட்டாள். முடித்ததும், "ஆச்சா? டீ ஆறுது" என்பாள். அவ்வளவுதான். அவர் வாயை மூடிக்கொண்டு டீ குடிப்பார். ஊரில் வேறு யாருக்கும் கைவராத வித்தை அது.

ஈட்னாவுக்குப் பஞ்சுப்புல் பிடிக்கும். ஈரமான இடங்களில் கோடையில் தண்டின் நுனியில் வெள்ளைப் பஞ்சாகப் பூத்து ஆடுகிற புல். ஒவ்வொரு ஜூலையும் ஒரு கைப்பிடி கொண்டுவந்து காப்பித்தூள் டப்பாவில் செருகிச் சன்னலில் வைப்பாள். "வீட்டுக்குள்ள எதுக்கு இந்தக் களை?" என்று லூத்தர் இருபத்தாறு ஜூலையும் கேட்டிருக்கிறார்.

புற்றுநோய் வந்து, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்து, ஓர் ஏப்ரலில் அவள் போனாள். போவதற்கு முன் கேட்டது ஒன்றுதான்: "என் மேல ஏரிக்கரைப் புல்லைப் போடு."

போட்டார். அந்த ஜூலையில் ஏரிக்கரைக்குத் தனியாகப் போய், பஞ்சுப்புல் வேரோடு இருபத்திரண்டு மண்கட்டிகளைச் சதுரம் சதுரமாக வெட்டி, கைவண்டியில் ஏற்றி இழுத்துவந்து, கல்லறை மேட்டில் இடைவெளி தெரியாமல் பதித்தார். உதவ வந்தவர்களிடம், "உங்க கையி கோணல்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்.

அடுத்த வருஷம் லெம்மிங் பெருகிய வருஷம். ஜூனில் பனி உருகியதும் லூத்தர் போய்ப் பார்த்தார். மேட்டில் ஒரு தண்டு நிற்கவில்லை. பனிக்காலம் முழுக்கப் பனிக்கு அடியிலேயே குடியிருந்து, புல்லை அடியோடு நறுக்கி, தின்றது பாதி, போட்டது பாதி. நறுக்கிய புல் வைக்கோல்போல வரிசையாகக் கிடந்தது. நடுவில் பந்துபோலச் சுருட்டிய ஒரு புல்கூடு. எங்கு பார்த்தாலும் பச்சையும் கறுப்புமாகப் புழுக்கைகள்.

அவரோடு நின்றிருந்தவள் மேபல், ஈட்னாவின் தங்கை. தபால் அலுவலகத்தில் வேலை செய்கிறவள். அக்காவின் சிரிப்பு அவளுக்கு வரவில்லை. அக்கா பேசாமல் விட்டதையெல்லாம் சேர்த்துப் பேசுகிற வாய் வந்திருந்தது.

"எல்லார் கல்லறையிலயும்தான் மேஞ்சிருக்கு, அத்தான். நம்மளுது மட்டுமா? முளைக்கும்" என்றாள்.

"மத்தவன் பொண்டாட்டி எலிக்குச் சோறு போடட்டும். என் பொண்டாட்டி போடமாட்டா."

அந்த வாரமே வேலி எழும்பியது. சுண்டுவிரல் நுழையாத கண்களுள்ள கம்பிவலை, துரு ஏறாதபடி துத்தநாகம் பூசியது, விமானத்தில் வரவழைத்தார். சுற்றிலும் மண்ணை வெட்டினார். ஒரு முழத்துக்குக் கீழே, கோடையிலும் இளகாத உறைமண் வந்தது. அதைப் பொதுப்பணிக் கொட்டகையிலிருந்து எடுத்துவந்த துளையிடும் இயந்திரத்தால் உடைத்து வலையை அதற்குள் இறக்கினார். மேலே இடுப்பு உயரம். நுனியை வெளிப்பக்கமாக மடித்துவிட்டார், ஏறினாலும் தலைகீழாகத் தொங்கிவிட்டுப் போகட்டும் என்று. பனிப்புயல் அடித்து ஓய்ந்ததும் மண்வாரியோடு கிளம்பிவிடுவார். வேலியை ஒட்டிக் குவியும் பனி எலிக்குப் பாலமாகிவிடக் கூடாதே. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவனைக் கேட்டிருக்கிறோம். எலிக்குப் பயந்து கல்லறைக்குக் கோட்டை கட்டிய முதல் ஆள் இவராகத்தான் இருப்பார்.

"அக்கா என்ன தப்பு பண்ணிச்சு, ஜெயில்ல போட்டுட்டீங்க?" என்றாள் மேபல்.

"வெளியில கிடக்கறதுங்கதான் கைதி. உள்ள இருக்கறதுக்குப் பேரு மரியாதை."

உண்மையைச் சொல்ல வேண்டும்: முதல் இரண்டு கோடையும் லூத்தர்தான் ஜெயித்தார். வேலிக்குள் பஞ்சுப்புல் முழங்கால் உயரம் வளர்ந்தது. மேடு முழுக்க வெள்ளை. அக்கம்பக்கத்துக் கல்லறைகளில் கட்டை கட்டையாகப் புல் நிற்க, ஈட்னாவின் மேடு மட்டும் கல்யாணப் பெண்போல நின்றது. இந்த வெற்றியைத் தனக்குள் வைத்துக்கொள்ள லூத்தரால் முடியுமா? அந்த ஊரில் ஒவ்வொரு சமையலறையிலும், கேட்கவும் பேசவும் முடிகிற ஒரு ரேடியோ இருக்கும். ஒருவர் பேசினால் ஊரே கேட்கும். கடலுக்குப் போன படகும் கேட்கும். லூத்தர் அதில் வந்து அறிவித்தார்.

"எல்லாரும் கல்லறைத் தோட்டம் போய்ப் பாத்துட்டு வாங்க. பஞ்சுன்னா என்னன்னு தெரியும். எலி வாய் படாத பஞ்சு. உங்க அப்பன் ஆத்தா மேலயும் இப்படிப் பூக்கணும்னா வந்து கேளுங்க, வேலி எப்படிப் போடறதுன்னு சொல்லித் தர்றேன். வேலை செய்யத் துப்பு இருக்கறவன் மட்டும் வந்தா போதும்."

பிறகு எங்கோ கடலிலிருந்து ஒரு குரல்: "லூத்தர், ரேடியோவை விடுறியா? மீன் வலை கிழிஞ்சு போச்சு, ஆள் கூப்பிடணும்."

கேட்டு யாரும் வரவில்லை. அவர் அதைப் பொறாமை என்று எடுத்துக்கொண்டார்.

மூன்றாம் வருஷம் அவர் கண்ணில் எதுவும் படவில்லை. நான்காம் வருஷம் பட்டது. ஒத்துக்கொள்ளவில்லை. வெட்டுவார் இல்லாத புல் செத்து, நின்று, சாய்ந்தது. அதன் மேல் அடுத்த வருஷத்துப் புல் செத்துச் சாய்ந்தது. அந்தக் குளிரில் எதுவும் சட்டென்று மக்குவதில்லை. அப்படியே பாய் பின்னியதுபோலப் படிந்துவிடும். பாய்க்கு அடியில் பாசி தடித்தது. ஐந்தாம் வருஷம் பாசி மேலே எட்டிப் பார்த்தது. ஆறாம் வருஷம் அதன் மேல் சாம்பல் நிறத்தில், கருகிய அப்பளத் துண்டுகள்போலச் செதிள் செதிளாக ஏதோ படர்ந்தது. பச்சை என்று சொல்ல அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில இலைகள், மூச்சு வாங்க வெளியே நீட்டிய மாதிரி. பஞ்சு எண்ணினால் நான்கு. மறு வருஷம் அதுவும் இல்லை.

இதற்கிடையில் எலிகள் இன்னொரு தடவை பெருகி வந்து, சுற்றியிருந்த கல்லறைகளையெல்லாம் மொட்டையடித்துவிட்டுப் போயிருந்தன. அதற்கடுத்த கோடையில் அந்த மொட்டைத் தலைகளில் புல் அடர்ந்து, கண்ணைப் பறிக்கிற பச்சையில் எழுந்தது. நாலு பக்கமும் பச்சை. நடுவில் வேலி. வேலிக்குள் நரைத்த ஒரு செவ்வகம்.

தோல்விக்குக் காரணம் கண்டுபிடிப்பதில் லூத்தரை மிஞ்ச ஆளில்லை. முதலில் மண்கட்டி சரியில்லை என்றார். வெட்டியது அவரேதான் என்று நினைவு வந்ததும் அதை விட்டுவிட்டார். பிறகு டக்ளஸ் கிளப்புகிற சாலைத் தூசி என்றார். "அவன் ஓட்டுற லட்சணத்துல கல்லறைக்கே இருமல் வரும்." ஃபேர்பேங்க்ஸ் நகரத்திலிருந்து ஒரு மூட்டை உரம் வரவழைத்துக் கொட்டினார். பாசி இன்னும் செழிப்பாக வளர்ந்தது.

ஏழாம் ஜூலையில் மேபல் ரேடியோவில் வந்தாள். தபால் பைகள் தாமதமாக வரும் என்று சொல்லத்தான் வந்தாள். சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

"அப்புறம் அத்தான், இன்னைக்குத் தோட்டம் பக்கம் போனேன். எலி வாய் படாதது சரி. ஏழு வருஷமா சீப்புகூடப் படலையே. எங்க அக்கா தலைய இப்படி ஒரு நாள் போட்டுட்டு இருந்ததில்ல."

ஊர் முழுக்கச் சிரித்திருக்கும். ஒவ்வொரு சமையலறையிலும். லூத்தர் கருவியின் குமிழைத் திருகி அணைத்தார்.

அது மூன்று நாள் அணைந்தே கிடந்தது. அங்கே ரேடியோவை அணைத்து வைப்பது என்றால் வீட்டில் யாருக்கோ ஏதோ என்று பொருள். நான்காம் நாள் மேபல் கரிபூ மான் இறைச்சி சூப்போடு வந்து கதவைத் தட்டாமல் உள்ளே நுழைந்தாள்.

"உசிரோடதான் இருக்கீங்களா?"

"சூப்புல உப்பு ஜாஸ்தி" என்றார் அவர், இன்னும் வாயில் வைக்காமல்.

அவள் உட்கார்ந்தாள். குரலை இறக்கிக்கொண்டாள். "நான் ஒரு வாரியக் கொண்டுட்டு வர்றேன். செத்த புல்லையெல்லாம் வாரி எடுத்துருவோம். ரெண்டு மணி நேர வேலை. யாருக்கும் சொல்ல வேணாம்."

"அது மேல கை வச்சே, தெரியும் சேதி."

"எதுக்கு இந்த வீம்பு? அக்கா கேட்டது புல்லுதானே? வேலியா கேட்டுச்சு?"

லூத்தர் சூப்பைக் குடித்தார். கிண்ணத்தைக் கழுவி அவள் கையில் கொடுத்தார். "உப்பு ஜாஸ்திதான்" என்றார். மேபல் கதவைச் சாத்திய வேகத்தில் சன்னல் அதிர்ந்தது.

ஊருக்குத் தெற்கே எரிவாயுக் குழாயை ஒட்டி ஒரு சாலை போகிறது. அதன் ஓரத்தில் தூந்திராவில் வேலி போட்ட சில சதுரங்கள் உண்டு. கோடைதோறும் தெற்கேயிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் வந்து அங்கே முட்டிபோட்டு எதையோ எண்ணுவார்கள். லூத்தர் இத்தனை வருஷமாக அவர்களைப் புழுதியில் முழுக்காட்டிக்கொண்டு கடந்து போயிருக்கிறார். அவருடைய கருத்தில், ஒரு மனிதன் படித்துக் கெட்டுப்போனால் அடைய வேண்டிய கடைசி இடம் அது. அந்த ஜூலையில் முதல் தடவையாகக் கிரேடரை நிறுத்தி இறங்கினார்.

அங்கே முட்டிபோட்டிருந்தவள் நோரீன் என்ற பெண். ஐந்தாறு வருஷமாக வருகிறவள். தலையில் கொசுவலை.

"என்னத்தை எண்ணுற?"

"புல்லுதான்."

"போன வருஷமும் அதைத்தானே எண்ணின?"

"ஆமா. எனக்கு முன்னாடி எங்க வாத்தியார் எண்ணினார். அவருக்கு முன்னாடி அவரோட வாத்தியார்."

"மூணு தலைமுறையா எண்ணியும் கணக்கு வரல. எங்க ஊர்ல மூணாங்கிளாஸ் புள்ள எண்ணிரும்."

நோரீன் சிரித்தாள். லூத்தர் சிரிக்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது அவளுக்குப் பின்னாலிருந்த வேலியை. அதே கம்பிவலை. அதே சுண்டுவிரல் நுழையாத கண். வேலிக்குள் அதே நரைத்த பாய், பாசி, சாம்பல் செதிள்கள். வெளியே பளிச்சென்ற பச்சை. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"இது யார் போட்ட வேலி?"

"நான் பொறக்கறதுக்கு முன்னாடியே போட்டது. எலி வரலைன்னா என்ன ஆகும்னு பாக்கறதுக்கு."

"என்ன ஆகும்?"

"இதுதான்." அவள் ஓர் இரும்புக் கம்பியை எடுத்து நீட்டினாள். "குத்திப் பாருங்க. முதல்ல வெளியில."

வெளியே குத்தினார். கம்பி வெண்ணெயில் இறங்குவதுபோல ஒரு முழம் இறங்கி, பிறகுதான் உறைமண்ணில் முட்டியது. உள்ளே குத்தினார். ஒரு சாண் போகவில்லை. டக்.

"செத்த புல்லும் பாசியும் போர்வை மாதிரி மூடிக்குது" என்றாள் நோரீன். "வெயில் கீழ இறங்கறதில்ல. மண்ணு இளகலைன்னா வேருக்குச் சாப்பாடு ஏது? எலி வந்து வெட்டிச்சுன்னா மண்ணு வெயிலைப் பாக்கும். அது போட்டுட்டுப் போறதெல்லாம் உரம்."

"பீயைச் சொல்ற."

"பீயைத்தான் சொல்றேன்."

"நான் ஒரு மூட்டை உரம் போட்டேன். ஒண்ணும் ஆகல."

"போர்வைக்கு மேல போட்டா போர்வைதான் வளரும்."

லூத்தர் கம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு கிரேடரில் ஏறினார். அது அவளுடைய கம்பி. கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. நோரீன் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கிரேடர் வேலை நேரத்தில் கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்றதை அன்றைக்குப் பலர் பார்த்தார்கள். லூத்தர் முதலில் வேலிக்கு வெளியே குத்தினார். ஒரு முழம். பிறகு இடுப்பளவு வலையைச் சிரமப்பட்டுத் தாண்டி உள்ளே போய், மேட்டின் கால்மாட்டில் குத்தினார். டக். தலைமாட்டில். டக். இடப்பக்கம், வலப்பக்கம், நடுவில். ஐந்து இடத்திலும் அதே சத்தம், பூட்டிய கதவைத் தட்டுகிற மாதிரி.

அப்புறம் அந்தச் செத்த பாயின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஈட்னா குளிர் தாங்காதவள். அந்த ஊரில் பிறந்து அந்த ஊரிலேயே செத்தவள் குளிர் தாங்கமாட்டாள் என்றால் வேடிக்கைதான். ஆனால் அப்படித்தான். படுத்ததும் தன் சில்லிட்ட பாதங்களை இவருடைய கெண்டைக்காலில் ஒட்டிவைத்துக்கொள்வாள். "செத்த மீனைக் கொண்டாந்து வைக்கறியா" என்று திட்டுவார். திட்டிக்கொண்டே காலை நகர்த்தாமல் கிடப்பார். அவள் மேல் ஏழு வருஷமாக ஒரு துளி வெயில் இறங்காமல் காவல் காத்திருக்கிறார், எட்டுக் கம்பங்களையும் உதைத்து உதைத்து. சாலை போடுவதில் ஊருக்கே புத்தி சொல்கிறவர். ஆறடி மண்ணை அவரால் ஒழுங்காக வைத்துக்கொள்ள முடியவில்லை. செத்த புல்லைக் கையால் ஒரு பிடி பற்றி இழுத்தார். அது பிரிந்து வரவில்லை. மொத்தப் பாயும் மண்ணோடு சேர்ந்து அசைந்தது. வாரியால் வாரினால் வேரும் கூடவே வந்துவிடும் என்று புரிந்தது. மெதுவாக, அடியில் ஒவ்வொன்றாகக் கடித்து, வேரை மட்டும் விட்டுவைக்கிற வேலை மனுஷன் கையால் ஆகிற வேலை இல்லை.

எழுந்து வண்டிக்குப் போய்க் கட்டிங் பிளேயரை எடுத்துவந்தார்.

மேபல் நாலு சக்கர மோட்டார் வண்டியில் வந்து சேர்ந்தபோது அவர் தரையோடு படுத்து வலையை நறுக்கிக்கொண்டிருந்தார். ஒரு பக்கத்துக்கு இரண்டாக, கைமுஷ்டி அளவில் எட்டுத் துளைகள். அவள் வண்டியை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"என்ன அத்தான், விடுதலையா?"

"கம்பி துருப்பிடிச்சுப் போச்சு."

துத்தநாகம் பூசிய கம்பி வெயிலில் கண்ணாடிபோலப் பளபளத்தது. மேபல் அதைப் பார்த்தாள். அவர் முழங்காலில் ஒட்டியிருந்த பாசியைப் பார்த்தாள். பிறகு பக்கத்துக் கல்லறைமேல் சாய்ந்திருந்த பிளாஸ்டிக் பூவை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கிளம்பிப் போனாள்.

கம்பங்களை அவர் பிடுங்கவில்லை. வேலியும் நின்றது. தோற்றாலும் கொடியை இறக்காத ஜாதி.

ஆனால் எலி வரவில்லை. அது எலிகள் ஓய்ந்துபோன வருஷம். தூந்திரா முழுக்கத் தேடினாலும் பத்து கிடைக்காது. ஆந்தைகள்கூட வேறு திசைக்குப் போய்விட்டன. லூத்தர் தினமும் வந்து துளைகளைக் குனிந்து பார்த்தார். கிளறிய மண்ணைத் தேடினார். ஒன்றும் இல்லை.

"வேணாம்னப்ப படை படையா வந்தீங்க. இப்ப ஆள் விட்டு அழைக்கணுமோ?" என்று வெறும் வெளியைப் பார்த்துக் கேட்டார். பனிக்காலம் வந்தது. வேலியை ஒட்டிக் குவிந்த பனியை இந்தத் தடவை அவர் வாரவில்லை. டக்ளஸ் தன் வண்டியில் வந்து ஒதுக்கிக் கொடுக்கட்டுமா என்று மரியாதையாகக் கேட்டான். "உன் வேலையைப் பாரு. அதுவே உனக்கு வரல" என்றார். அடுத்த கோடையும் அப்படியே போயிற்று. நரைத்த செவ்வகம் நரைத்தே கிடந்தது. அறுபத்து மூன்று வயதில், உலகத்திலேயே தான் மிகக் கேவலமாக நினைத்த ஒன்றுக்காக வழிமேல் விழிவைத்துக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று லூத்தர் யாரிடமும் சொல்லவில்லை. டீயில் சர்க்கரை நான்கு கரண்டியாயிற்று.

அதற்கடுத்த பனிக்காலத்தில், பிப்ரவரி வாக்கில், ஊர்நாய்கள் பனியில் மூக்கை நுழைத்துத் தோண்டத் தொடங்கின. மே மாதம் வெள்ளாந்தைகள் மேடுகளில் வந்து உட்கார்ந்தன. அவை சும்மா வருவதில்லை. ஊரில் எல்லாருக்கும் தெரியும், எலி பெருகியாயிற்று என்று.

இந்த ஜூனில் பனி உருகியதும் லூத்தர் போனார். மேபலும் வந்தாள், அழைக்காமலே.

வேலிக்குள் பாய் கிழிந்திருந்தது. ஒரு வீட்டைப் பிரித்துப் போட்டமாதிரி. நறுக்கிய செத்த புல் கற்றை கற்றையாக உருகுநீரில் மிதந்து ஓரத்தில் ஒதுங்கியிருந்தது. பாசியில் சந்து சந்தாகப் பாதைகள். இரண்டு புல்கூடுகள், நரைத்த புல்லாலேயே சுருட்டியவை. கட்டை கட்டையாக நின்ற தண்டுகளுக்கு நடுவே, எட்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கறுப்பு மண் வெயிலில் ஆவிவிட்டுக்கொண்டிருந்தது. உற்றுப் பார்த்தால் மண்ணில் ஊசிமுனைபோலச் சிவப்பும் பச்சையுமாக ஏதோ குத்திக்கொண்டு வந்திருந்தது. பஞ்சு வருமா, வர எத்தனை வருஷம் ஆகும், தெரியாது.

மேபல் அவர் முகத்தைப் பார்த்தாள். "என்ன அத்தான், வேலை திருப்தியா?"

லூத்தர் எட்டுத் துளைகளையும் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். "வடக்கு ஓரத்துல ஒரு சாண் விட்டுட்டுப் போயிருக்குங்க. அதுங்க வேலையும் டக்ளஸ் வேலையும் ஒண்ணு. சொல்லித் தர ஆளில்ல."

"ரேடியோவுல சொல்லிறட்டுமா?"

"சொல்லு. எனக்கென்ன."

அவள் சொல்லவில்லை. வண்டியை நோக்கி நடந்தாள்.

லூத்தர் வலையைத் தாண்டி உள்ளே போனார். தலைமாட்டுச் சிலுவையின் அடியில் மண்ணோடு மண்ணாகப் படுக்கையாகப் பதித்த ஒரு பித்தளைத் தகடு. ஈட்னாவின் பெயரும் பிறந்த, இறந்த வருஷங்களும் அதில் செதுக்கியிருக்கும். பெயர் தெரியவில்லை. தகடு முழுக்கப் புழுக்கை. லூத்தர் முட்டிபோட்டு, பையிலிருந்து சலவை செய்த வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து, ஓர் எழுத்து விடாமல் துடைத்தார். துடைத்ததைக் கைக்குட்டையில் மடித்துக்கொண்டு வேலிக்கு வெளியே எறியப் போனவர்போலக் கையை ஓங்கினார். பிறகு கையை இறக்கி, கால்மாட்டுப் பக்கம் நகர்ந்து, கைக்குட்டையை விரித்து, ஒரு புழுக்கைகூடச் சிந்தி வெளியே போகாதபடி, அந்தக் கறுப்பு மண்ணின் மேல் உதறினார்.